ஸ்டார் சிட்டிசன் 1.0 வரும்வரை காத்திருப்பதா, இப்போதே வாங்கிவிடுவதா?

ஸ்டார் சிட்டிசன் என்பது ஆன்லைனில் பலர் சேர்ந்து விளையாடும் விண்வெளிக் கப்பல் கேம்; 1.0 என்பது அதன் முழு வெளியீடு. இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஆல்ஃபா, அதாவது இன்னும் முடியாத சோதனைப் பதிப்பு, பிடித்திருந்தால் வாங்குங்கள், அதுவும் இருப்பதிலேயே விலை குறைந்த பேக்கேஜாக. 1.0-இல் என்னென்ன வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புக்காக ஒரு டாலரும் கூடுதலாகக் கட்ட வேண்டாம். வாங்கும் முன், எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடும் 'ஃப்ரீ ஃப்ளை' வாரத்தில் காசு கொடுக்காமல் விளையாடிப் பாருங்கள்.

கிறிஸ் ராபர்ட்ஸ் இந்த கேமை அறிவித்தது 2012 அக்டோபரில். பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் அவர் கேட்டது 5 லட்சம் டாலர். வந்தது 21 லட்சத்துக்கு மேல். அங்கே போட்டிருந்த உத்தேச வெளியீடு 2014 நவம்பர். விண்வெளிக் கப்பல் கேம்கள் அருகிப்போயிருந்த நேரம் அது. விங் கமாண்டர் என்ற பழைய விண்வெளிப் போர் கேமை விளையாடி வளர்ந்தவர்கள், அதை உருவாக்கியவரே திரும்பி வந்ததைப் பார்த்ததும் அள்ளிக் கொடுத்தார்கள். பணம் கூடக் கூட வாக்குறுதிகளும் கூடின. வெளியாகும்போதே 100 நட்சத்திர மண்டலங்கள் இருக்கும் என்றார்கள். 2022-இல் திரண்ட தொகை 50 கோடி டாலரைத் தாண்டியது. 2024 அக்டோபரில் நடந்த சிட்டிசன்கான் மாநாட்டில் 1.0-க்கென்று அறிவிக்கப்பட்ட மண்டலங்கள் ஐந்து: ஸ்டான்டன், பைரோ, நிக்ஸ், காஸ்ட்ரா, டெர்ரா.

நூறு ஐந்தாகிவிட்டதே என்று கொதிப்பவர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனால் 2012-இல் திட்டமிட்ட மண்டலமும் இன்றைய மண்டலமும் ஒன்றல்ல. அன்றைய திட்டப்படி ஒரு கோளில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும்தான் இறங்க முடியும். 2017 டிசம்பரில் வந்த ஆல்ஃபா 3.0-க்குப் பிறகு, துணைக்கோளின் எந்தப் பள்ளத்தாக்கிலும் நீங்களே கப்பலை ஓட்டிப்போய் இறக்கலாம். நடுவில் லோடிங் திரை கிடையாது. அந்த ஒரு முடிவுதான் கேமை இவ்வளவு அழகாக்கியது. இவ்வளவு தாமதமாக்கியதும் அதுதான்.

தாமதத்தின் வேர் சர்வரில் இருக்கிறது. முன்பெல்லாம் ஸ்டான்டன் மண்டலம் முழுவதையும், அதாவது நான்கு கோள்கள், அவற்றின் துணைக்கோள்கள், நகரங்கள் எல்லாவற்றையும், ஒரே ஒரு சர்வர் சுமந்தது. முதலில் 50 பேர், பிறகு 100 பேர் வரை அதில் இருப்பார்கள். பாரம் தாங்காமல் சர்வர் திணறும்போது என்ன ஆகும் என்பதை விளையாடிய எல்லோரும் பார்த்திருப்பார்கள்: கணினிப் பாத்திரங்கள் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டிருக்கும், லிஃப்ட் வராது, நேராகச் சுட்ட குண்டு எதிரியின் மேல் படாது. சர்வர் செத்துவிட்டால் '30000' என்ற பிழை எண்ணோடு எல்லோரும் வெளியே விழுவார்கள். கப்பலில் ஏற்றிய சரக்கும் போய்விடும்.

இதைச் சரிசெய்யப் படிப்படியாகத்தான் போக முடிந்தது. 2023 மார்ச்சில் வந்த ஆல்ஃபா 3.18 பதிப்பு, கீழே போட்ட தண்ணீர் பாட்டில் வரைக்கும் ஒவ்வொரு பொருளும் எங்கே கிடக்கிறது என்பதைத் தரவுத்தளத்தில் எழுதிவைக்கத் தொடங்கியது. வெளியான வேகத்தில் தரவுத்தளம் அடைத்துக்கொண்டு, பலரால் நாள்கணக்கில் உள்ளேயே நுழைய முடியவில்லை. ஆனால் அந்தப் பதிவு இல்லாமல் அடுத்த படி கிடையாது. உலகத்தின் நிலை சர்வருக்கு வெளியே ஓர் அடுக்கில் இருந்தால்தான், ஒரு சர்வர் விழுந்தாலும் இன்னொன்று அதே இடத்திலிருந்து எடுத்து நடத்த முடியும். பல சர்வர்கள் ஒரே உலகத்தைப் பங்குபோட்டுக்கொள்ளவும் முடியும். 2024 டிசம்பரில் 4.0 அதைத்தான் கொண்டுவந்தது. பைரோ என்ற இரண்டாவது மண்டலம் திறந்தது, ஒரே உலகில் 500 பேருக்கு மேல் இருக்க முடிந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, எதிர்பார்ப்பை அளந்து வைக்க இது உதவும். 4.0-இல் வந்தது நிலையான பங்கீடு. எந்த சர்வர் எந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டது. ஒரு நிகழ்வுக்காக இருநூறு பேர் ஒரே நிலையத்தில் கூடினால் அந்தப் பகுதியின் சர்வர் மட்டும் திணறும், பக்கத்து சர்வர்கள் சும்மா இருக்கும். கூட்டத்துக்கு ஏற்ப எல்லைகள் தாமாகவே மாறும் பங்கீடு நன்றாக வேலை செய்யாமல், சொல்லப்படும் பெரிய கடற்படைப் போர்களும் ஆயிரக்கணக்கானோர் வாழும் உலகமும் சாத்தியமில்லை. புதுக் கப்பல் வீடியோவைவிட, பேட்ச் (புதுப்பிப்பு) குறிப்புகளில் இதைப் பற்றி வரும் ஒரு வரிதான் 1.0 எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லும்.

மாநாட்டு வீடியோக்களை ரசிப்பதில் தப்பே இல்லை, ரசிக்க வேண்டியவைதான். நாள் குறிக்க மட்டும் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். 2016-இல் மேடையில் காட்டி வாயைப் பிளக்கவைத்த மணற்புழு, வீரர்கள் கைக்கு வந்தது 2025-இல். அதே சமயம் 2023 அக்டோபரில் மேடையில் காட்டிய சர்வர் பங்கீடு பதினான்கு மாதத்தில் வந்துவிட்டது. முன்னோட்டத்துக்கென்றே தனியாகச் செய்த காட்சி வருடங்கள் எடுக்கும். உண்மையான சர்வரில் ஓடும் பரிசோதனை சீக்கிரம் வரும். அதிகாரபூர்வ தளத்தின் ரோட்மேப்பில் 'ரிலீஸ் வியூ' பகுதியில் இருப்பதையும், பொதுச் சோதனை சர்வரில் ஏற்கெனவே ஓடுவதையும் மட்டும் நம்பினால் ஏமாற்றம் பெருமளவு குறையும்.

வாங்குவதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கடையில் 'கேம் பேக்கேஜ்' வேறு, தனிக் கப்பல் வேறு. தனிக் கப்பலை மட்டும் வாங்கினால் கேமுக்குள் நுழையும் உரிமை கிடைக்காது. அரோரா எம்ஆர் அல்லது மஸ்டாங் ஆல்ஃபா கப்பல் உள்ள தொடக்க பேக்கேஜ் 2024-இல் சுமார் 45 டாலராக இருந்தது, வரி தனி. இரண்டில் அரோராவே மேல், காரணம் அதில் இருக்கும் படுக்கை. நடுவெளியில் படுத்து லாக்-அவுட் செய்து, மறுபடி அங்கேயே எழலாம். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க மனமிருந்தால் அவெஞ்சர் டைட்டன் என்ற கப்பல்: 8 எஸ்சியூ சரக்கு, படுக்கை, சண்டைக்குத் தோதான துப்பாக்கிகள். ஒரு எஸ்சியூ என்பது பக்கத்துக்கு 1.25 மீட்டர் உள்ள பெட்டி. டைட்டனுக்காக இன்னொரு பேக்கேஜ் வாங்காமல், அரோராவிலிருந்து வித்தியாசத் தொகை மட்டும் கட்டி மேம்படுத்திக்கொள்ளலாம்.

அதற்கு மேல் போக வேண்டாம். பெரும்பாலான கப்பல்களைக் கேமுக்குள் சம்பாதிக்கும் பணத்திலேயே வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். சர்வரை அழித்துத் திரும்பத் தொடங்கும்போது அப்படி வாங்கியவை போகக்கூடும், காசு கொடுத்து வாங்கியவை திரும்பி வரும்; வித்தியாசம் அவ்வளவே. இன்னும் உருவாகாத 'கான்செப்ட்' கப்பலை வாங்கவே வாங்காதீர்கள். 2013-இலேயே விற்பனைக்கு வந்த பானு மெர்ச்சன்ட்மேன், பத்தாண்டு கழிந்தும் பறக்கும் நிலைக்கு வராமல் கிடந்தது. வாங்கியவர்களுக்கு அதற்குப் பதிலாக வேறு கப்பல் தற்காலிகமாகக் கிடைக்கும், அது ஆறுதல்தான். கப்பலுக்கு ஆயுள் காப்பீடு என்று விற்பதற்கும் மயங்காதீர்கள். ஆல்ஃபாவில் காப்பீடு எதுவாக இருந்தாலும், உடைந்த கப்பலை முனையத்தில் 'கிளெய்ம்' செய்து கொஞ்ச நேரம் காத்திருந்தால் திரும்பக் கிடைத்துவிடும்.

பணத்தைத் திரும்பப் பெற 30 நாள் அவகாசம் உண்டு. அது தாண்டினால் கப்பலை 'மெல்ட்' செய்து கடைக் கிரெடிட்டாக மட்டுமே மாற்ற முடியும், ரொக்கமாகக் கைக்கு வராது. 'வார்பாண்ட்' என்று தள்ளுபடியில் வரும் கப்பல்களை அந்தக் கிரெடிட்டைக் கொண்டு வாங்க முடியாது, புதுப்பணம்தான் வேண்டும். இந்திய கார்டில் கட்டுகிறவர்கள் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் வங்கிச் செயலியில் இயக்கிவிட வேண்டும். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் மேலே சேரும்.

ஃப்ரீ ஃப்ளை பொதுவாக மே மாத இன்விக்டஸ் வாரத்திலும் நவம்பர் கப்பல் கண்காட்சியின்போதும் வரும். முதல் இரண்டு நாள் கூட்டம் நெரிக்கும், சர்வர் மிக மோசமாக இருக்கும். அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். வாரத்தின் பிற்பகுதியில், நம் நேரப்படி காலை ஒன்பது பத்து மணிக்கு ஐரோப்பிய சர்வரில் நுழையுங்கள். அங்கே அப்போது விடிந்தும் விடியாத நேரம், நெரிசல் குறைவு.

கணினியைப் பொறுத்தவரை, விண்டோஸ் 64 பிட், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி ஆகியவை கட்டாயம். நிம்மதியாக விளையாட 32 ஜிபி வேண்டும். 16 ஜிபி மட்டும் இருந்தால், எஸ்எஸ்டியில் பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) தாராளமாக, 16 ஜிபிக்குக் குறையாமல் வையுங்கள். இல்லையென்றால் நகரத்துக்குள் நுழையும்போது கேம் மூடிக்கொள்ளும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் முயலவே வேண்டாம், தரையும் சுவரும் ஏறும் முன் நீங்கள் போய் நின்றுவிடுவீர்கள். கேம் 100 ஜிபியைத் தாண்டும், காலியிடம் அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும்.

நகரங்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) விழுந்தால் முதலில் கிராஃபிக்ஸைக் குறைக்கத் தோன்றும். பெரும்பாலும் பயன் இருக்காது, காரணம் அங்கே திணறுவது கிராஃபிக்ஸ் கார்டு அல்ல, செயலி. கேஷ் நினைவகம் பெரிதாக உள்ள ஏஎம்டியின் எக்ஸ்3டி வகைச் செயலிகள் இந்த கேமில் தனியாகத் தெரியும். கிராஃபிக்ஸில் குறைக்க வேண்டியது மேகங்களின் தரத்தை. மேகத்தில் மிதக்கும் ஓரிசன் நகரில் உடனே வித்தியாசம் தெரியும். புதுப் பேட்ச் போட்டதும் முதல் கால் மணி நேரம் படம் வெட்டி வெட்டித்தான் வரும், ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும்வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால், விசை அமைப்புகளைத் தனியே சேமித்துக்கொண்டு ஷேடர் கேஷையும் 'யூசர்' கோப்புறையையும் அழியுங்கள், லாஞ்சரில் 'வெரிஃபை' கொடுங்கள். அழித்தபின் சேமிக்க மறந்தது நினைவுக்கு வந்தால், விசைகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக அமைக்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் உள்ளே போனதும் அறையிலிருந்து ரயில் பிடித்து விண்துறைமுகம் போய், ஏஎஸ்ஓபி முனையத்தில் கப்பலை வரவழைத்து, எந்த ஹேங்கர் (கப்பல் நிற்கும் கூடம்) என்று பார்த்து லிஃப்ட் ஏறுங்கள். கிளம்புமுன் தலைக்கவசம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையில் அமர்ந்து 'ஆர்' விசையை அழுத்தினால் கப்பல் உயிர்பெறும். இடது ஆல்ட்டோடு 'என்' அழுத்தினால் கட்டுப்பாட்டு அறை கதவைத் திறக்கும். முதல் பயணத்தை நேராகக் கோளின் சுற்றுப்பாதை நிலையத்துக்கு வையுங்கள்: ஹர்ஸ்டன் என்றால் எவரஸ் ஹார்பர், மைக்ரோடெக் என்றால் போர்ட் டிரெஸ்லர். அங்குள்ள மருத்துவமனையில் மறுபிறப்பு இடத்தைப் பதிந்துகொண்டால், ஒவ்வொரு முறை சாகும்போதும் நகரத்துக்குத் திரும்பி ரயில் ஏறுகிற தொல்லை இருக்காது.

கூட்டமாக விளையாடுவதில் ஆர்வமில்லை, கதைதான் வேண்டும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்கானது ஸ்குவாட்ரன் 42. மார்க் ஹாமில், கேரி ஓல்ட்மேன், ஹென்றி கேவில் நடிக்கும் தனிநபர் கேம், விலையும் தனி. 2024 மாநாட்டில் 2026 என்று அறிவித்தார்கள். மற்றவர்கள் தளத்தில் இலவசக் கணக்கை மட்டும் இப்போதே திறந்து வையுங்கள், ஃப்ரீ ஃப்ளைக்கு அது போதும். கணக்கு திறக்கும் பக்கத்திலேயே பரிந்துரைக் குறியீடு கேட்கும். பின்னால் பேக்கேஜ் வாங்கும்போது அதற்குக் கேம் பணம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.