திங்கட்கிழமை டெல்லி காட்டிய டூர் கம்பெனி: நுகர்வோர் கேள்வி-பதில்

பள்ளி லீவு முடிந்ததிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி டெல்லிப் பயணம் பற்றித்தான், அதிலும் அருங்காட்சியகம் பார்க்கப் போய் ஏமாந்தவர்கள் நிறைய. மிக்ஸி, பிரிட்ஜ் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் 14 பேர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மதுரையிலேயே உள்ள ஒரு டூர் கம்பெனியில் தலைக்கு 27,500 ரூபாய் கட்டி டெல்லி, ஆக்ரா போனோம். தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், பிரதமர்கள் அருங்காட்சியகம் மூன்றும் காட்டுவதாக நோட்டீஸில் போட்டிருந்தார்கள். டெல்லிக்கென்று ஒதுக்கிய ஒரே நாள் திங்கட்கிழமை. மூன்றும் பூட்டிக் கிடந்தன. கேட்டால் "அரசு லீவு விட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும்" என்கிறார்கள்.
— ஆசிரியை, திருநகர்

பதில்: அம்மா, படித்ததும் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. திடீரென்று விட்ட லீவு இல்லை இது. நீங்கள் சொன்ன மூன்றுக்கும் வாரா வாரம் திங்கட்கிழமை விடுமுறை, டெல்லியில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரியும், பயணத்தையே தொழிலாக நடத்துகிற கம்பெனிக்குத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவது? தெரிந்தே போட்டிருந்தால் மோசடி, தெரியாமல் போட்டிருந்தால் சேவைக் குறைபாடு. எதுவாக இருந்தாலும் நீங்கள் கொடுத்த பணத்துக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த நோட்டீஸ், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டம், பூட்டிய கேட்டின் முன்னால் யாராவது போட்டோ எடுத்திருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள். அப்புறம் கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள், 15 நாள் கெடு கொடுத்து, பதிவுத் தபாலில். இடையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் புகார் கொடுத்து வையுங்கள், தமிழிலேயே பேசலாம், சில கம்பெனிகள் அந்த ஒரு போனிலேயே வழிக்கு வந்துவிடும். வரவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். 14 பேரும் கையெழுத்துப் போடுங்கள். "போனது போகட்டும்" என்று சொல்கிற ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், அவரையும் விடாதீர்கள்.

கேள்வி: டெல்லி மியூசியம் எல்லாவற்றுக்கும் என்றைக்கு லீவு?
— மேலூர்

பதில்: பெரும்பாலானவற்றுக்குத் திங்கள். செங்கோட்டைக்கும் திங்கள்தான். ஆக்ரா தாஜ்மகாலுக்கும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி.

கேள்வி: ஒரு கம்பெனி இரண்டு விதமாக பேக்கேஜ் சொல்கிறது. நுழைவுக் கட்டணம் எல்லாம் உட்பட என்றால் தலைக்கு 2,500 ரூபாய் அதிகம். ஒரே நாளில் ஏழு அருங்காட்சியகம் காட்டுவார்களாம். எது லாபம்?
— உசிலம்பட்டி

பதில்: நல்லவேளை, கட்டுவதற்கு முன்னால் கேட்டீர்கள். எனக்கு வெகுநாளாக மனதை உறுத்துகிற விஷயம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கணக்குப் போடுவோம். ஜன்பத்தில் இருக்கிற தேசிய அருங்காட்சியகத்துக்கு நம் நாட்டவருக்குக் கட்டணம் 20 ரூபாய். இந்தியா கேட் பக்கம் ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள நவீன ஓவியக் கூடத்துக்கும் 20. தீன்மூர்த்தி வளாகத்தில் 2022-இல் திறந்த பிரதமர்கள் அருங்காட்சியகம் 100 ரூபாய் அளவில் வரும். செங்கோட்டையை உள்ளிருக்கும் அருங்காட்சியகங்களோடு சேர்த்துப் பார்த்தாலும் 100-க்குள். காந்தி கடைசியாக இருந்த பிர்லா மாளிகை, இப்போது காந்தி ஸ்மிருதி, அங்கே கட்டணமே இல்லை. ராஜ்காட் எதிரில் இருக்கிற காந்தி அருங்காட்சியகமும் இலவசம். பாலம் பக்கம் சுலப் நிறுவனத்தின் கழிப்பறை அருங்காட்சியகம், அதுவும் இலவசம். ஆக ஏழையும் பார்த்தால் 250 ரூபாய்க்குள் முடிகிறது. அதற்கு 2,500 கேட்கிறார்கள். கட்டணமே இல்லாத இடத்தின் பெயரை "கட்டணம் உட்பட" என்ற தலைப்பின் கீழே அச்சடித்துக் காசு வாங்குவதை நான் வியாபாரம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பணத்தைவிட மோசம், ஒரே நாளில் ஏழு என்கிற பேச்சு. தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோவின் நடனப் பெண் வெண்கலச் சிலை இருக்கிறது, உயரம் 10.5 சென்டிமீட்டர்தான், நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பள்ளிப் புத்தகத்தில் பார்த்து அது ஏதோ ஆளுயரச் சிலை என்று நினைத்துக்கொண்டு போகிறவர், அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று பார்க்கவே கொஞ்ச நேரம் வேண்டும். அப்புறம் அதே கட்டடத்தில் சோழர் வெண்கலங்கள், சிற்றோவியங்கள், நாணயங்கள் என்று மாடி மாடியாக இருக்கின்றன. இதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கி, "எல்லாரும் பஸ்ஸுக்கு வாங்க" என்று விசில் ஊதுகிறவனுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? நான் ஒருமுறை வாங்கிய பேக்கேஜில் பாதி இடங்கள் பஸ் ஜன்னல் வழியாகத்தான். நோட்டீஸில் "பார்வை" என்று போட்டிருந்தார்கள், உள்ளே போவது என்று எங்கும் எழுதவில்லை. அதனால் கட்டுவதற்கு முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: எந்தெந்த இடத்துக்கு உள்ளே கூட்டிப்போவார்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம், அது என்ன கிழமை. எழுதித் தர மறுத்தால் வேறு கம்பெனி பாருங்கள்.

நுழைவுக் கட்டணம் சேர்க்காத பேக்கேஜையே எடுத்து, டிக்கெட்டை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய அருங்காட்சியகத்தை நார்த் பிளாக், சவுத் பிளாக் என்கிற மத்திய அரசு அலுவலகக் கட்டடங்களுக்கு மாற்றும் திட்டம் அறிவித்திருக்கிறார்கள், ஆகவே கிளம்புவதற்கு முன் அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ராஷ்டிரபதி பவன் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுக்கத் தேடியபோது முதலில் வந்த இணையதளத்தில் தலைக்கு 600 என்று 4 பேருக்குக் கட்டினேன். டிக்கெட் வரவில்லை. போனில் பேசியவர் ஓடிபி கேட்டார், சொன்னேன். இன்னொரு 18,000 போய்விட்டது. வீட்டில் சொல்லவே பயமாக இருக்கிறது.
— ஒத்தக்கடை

பதில்: தம்பி, வீட்டில் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இதைப் படித்த உடனே 1930-க்குப் போன் போடுங்கள். சைபர் குற்றத்துக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. அப்படியே வங்கிக்கும் எழுத்தில் புகார், சைபர் குற்ற இணையதளத்திலும் பதிவு. அங்கே கொடுக்கிற புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அருங்காட்சியகத்துக்கு உண்மையான கட்டணம் 50 ரூபாய், பதிவு ராஷ்டிரபதி பவனின் சொந்த இணையதளத்தில்தான். அரசு இடம் என்றால் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும், தேடலில் மேலே வருவது பாதி நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கும். உங்கள் மேல் தப்பு இல்லை. ஏமாற்றுவதற்கென்றே ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களிடம் ஒற்றை ஆளாக மாட்டியிருக்கிறீர்கள். தைரியமாக வீட்டிலும் சொல்லுங்கள்.

கேள்வி: டெல்லியில் ஒரு கடையில் 200 வருடப் பழைய நடராஜர் என்று சான்றிதழோடு 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். இங்கே ஒரு ஸ்தபதி பார்த்துவிட்டுப் புதுசு என்கிறார். அருங்காட்சியகத்துக்கே சப்ளை செய்கிறோம் என்றார்கள்.
— எஸ்.எஸ். காலனி

பதில்: புதுசு என்று அந்த ஸ்தபதி சொன்னது உங்கள் அதிர்ஷ்டம். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள், அதை விற்க உரிமம் வேண்டும், வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். நிஜமாகவே 200 வருடமாக இருந்திருந்தால், அது எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

சான்றிதழை நம்பினேனே என்று வெட்கப்படாதீர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராஜரை, ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பராவில் இருக்கிற தேசியக் கலைக்கூடமே 2008-இல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது, அதற்கும் காகிதமெல்லாம் சரியாகத்தான் இருந்தது, எல்லாம் போலி. 2014-இல் சிலை திரும்பி வந்தது. ஆட்களும் நிபுணர்களும் வைத்திருக்கிற இடமே ஏமாந்தது என்றால் நாம் எம்மாத்திரம்.

கடைக்கு எழுதுங்கள்: பழசு என்று சொல்லிப் புதிதை விற்றிருக்கிறீர்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் ஆட்சேபணை எழுப்புங்கள். கடை டெல்லியில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டத்தில், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கடைக்காரர்தான் மதுரைக்கு வரவேண்டும். அதுவரை சிலையை யாருக்கும் விற்காதீர்கள். அடுத்து வெண்கலச் சிலை வேண்டும் என்றால் சுவாமிமலைக்குப் போய், புதுசு என்று தெரிந்தே, வார்க்கிறவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: டெல்லியில் ஆட்டோக்காரர் அழைத்துப்போன எம்போரியத்தில் பஷ்மினா சால்வை 9,000-க்கு வாங்கினேன். சாயம் போகிறது. பில் இல்லை. கடை பெயர் ஞாபகம் இல்லை. பணமாகக் கொடுத்தேன். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. கேஸ் போடலாமா?
— பைபாஸ் ரோடு

பதில்: முடியாது. இரண்டு வருடக் கெடுவும் போய்விட்டது. 9,000 ரூபாய் கொடுக்கும்போது ஒரு துண்டுக் காகிதம் கேட்டு வாங்க என்ன தடை? பில் கொடுக்க மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம், அங்கேயே சத்தம் போட்டிருக்கலாம்.

இந்த ஆட்டோ வழி எனக்கும் தெரியும். மியூசியம் திறக்க நேரம் இருக்கிறது, அதற்குள் ஒரு அரசுக் கடை பார்க்கலாம் என்று என்னையும் கூட்டிப்போய், பஷ்மினா என்று ஒன்றைத் தலையில் கட்டினார்கள். ஊருக்கு வந்து ஓரத்து நூலைப் பிரித்து நெருப்பில் காட்டினேன். பஷ்மினாவும் ஆட்டு ரோமக் கம்பளிதான், கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை வரும், நான் வாங்கியது உருகி உருண்டையாகிவிட்டது. ஆட்டோக்காரருக்குக் கடையில் கமிஷன். தேசிய அருங்காட்சியகத்துக்கு உத்யோக் பவன் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம், ராஜ்காட்டுக்கு டெல்லி கேட் ஸ்டேஷன், ஆட்டோவே தேவையில்லை.

கேள்வி: டெல்லியில் ஒரு அருங்காட்சியக வளாகக் கடையில் 20 ரூபாய்த் தண்ணீர் பாட்டில் 40. சரியா?
— திருமங்கலம்

பதில்: கவுண்டரில் எடுத்துக் கொடுப்பது என்றால் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, பில்லோடு 1915-க்குச் சொல்லுங்கள். மேசையில் உட்கார வைத்துப் பரிமாறுகிற ஓட்டலுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2017-இல் விலக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் ஓட்டல் பில்லில் தானாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், டெல்லி உயர் நீதிமன்றமே 2025 மார்ச்சில் அது கட்டாயமில்லை என்று சொல்லியாகிவிட்டது.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். பிள்ளைகளுக்கு டெல்லி அருங்காட்சியகம் எல்லாம் காட்ட ஆசை. தவணையில் கட்டலாம் என்று ஒரு கம்பெனி 1 லட்சத்துக்கு பேக்கேஜ் தருகிறது. எடுக்கலாமா?
— செல்லூர்

பதில்: வேண்டாம் அண்ணே. சுற்றுலாவுக்குத் தவணை வாங்கினால் ஊர் திரும்பி வருடம் முழுக்க வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆசை நியாயமானது, அதை மதுரையிலேயே ஆரம்பியுங்கள். செல்லூரிலிருந்து ஆற்றைத் தாண்ட வேண்டிய வேலைகூட இல்லை, ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்து வைத்த காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. டெல்லிக்குப் போய் காந்தி ஸ்மிருதி பார்த்துவிட்டு வந்து, இங்கே தமுக்கம் மைதானத்துப் பக்கம் இருக்கிற இந்த அருங்காட்சியகத்தை எட்டிக்கூடப் பார்க்காத எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு கீழடி அருங்காட்சியகம். உங்கள் ஆட்டோவிலேயே போய்விடலாம், பெரியவர்களுக்கு 15 ரூபாய். பழைய பானை ஓட்டில் ‘ஆதன்’ என்ற பெயரைப் பழந்தமிழ் எழுத்தில் கீறி வைத்திருக்கிறதைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். அதற்கப்புறம் சென்னை எழும்பூர், 1851-இல் தொடங்கியது, ராத்திரி ரயில் ஏறினால் காலையில் அங்கே, வெண்கலக் கூடம் ஒன்றுக்கே அரை நாள் வேண்டும். டெல்லிக்கு மாதா மாதம் கொஞ்சம் சேர்த்து, சம்பர்க் கிராந்தி ரயிலில் ஸ்லீப்பர் போட்டுப் போகலாம், பேக்கேஜே வேண்டியதில்லை.

கேள்வி: ரயில் அருங்காட்சியகத்தில் குட்டி ரயிலுக்குத் தனியாகக் காசு கேட்டார்கள். ஏமாற்றா?
— பரவை

பதில்: இல்லை. அதற்குத் தனி டிக்கெட்தான்.

கேள்வி: அரசுப் பள்ளி மாணவர்கள் 40 பேரை டெல்லி அழைத்துப்போகிறோம். கட்டணச் சலுகை உண்டா? ஏஜென்ட் மாணவருக்கும் பெரியவர் கட்டணமே போட்டிருக்கிறார்.
— ஆசிரியர், வாடிப்பட்டி

பதில்: அந்தக் கணக்கை அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை போன்ற தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. மற்ற இடங்களில் பள்ளிக் குழுவுக்கு என்ன சலுகை என்று ஒவ்வொரு அருங்காட்சியகத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், ஏஜென்ட் மூலமாகக் கேட்காதீர்கள். பட்டியலில் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-இல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகத்தையும் சேருங்கள், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பள்ளி முத்திரையோடு தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நகல், மாணவர்களின் அடையாள அட்டை, வயதுச் சான்று நகல் எல்லாம் ஒரே பையில் ஒரு ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும்.