போனில் பட்டுச் சேலையின் நிறம் வெளிறுவது ஏன்?

தி.நகர் கடைக்காக எடுத்த பட்டுச் சேலைப் படங்களை அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற வரம்பில் திருத்தி, எந்த நிற வரம்பு என்று சொல்லும் புரொஃபைலைச் சேர்க்காமல் சேமித்ததாகவும், போனில் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிவதாகவும் எழுதியிருந்தீர்கள். கேமராவைக் குறை சொல்லாதீர்கள். புரொஃபைல் இல்லாத படத்தைப் போன், அதைவிடக் குறுகிய, திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி வரம்பில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. சாயம் போனதுபோல் தெரிவது அதனால்தான்.

மூலக் கோப்பைத் திறந்து, ஃபோட்டோஷாப்பின் எடிட் மெனுவில் ‘கன்வர்ட் டு புரொஃபைல்’ மூலம் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அருகிலேயே இருக்கும் ‘அசைன் புரொஃபைல்’ பக்கம் போகவே வேண்டாம். கன்வர்ட், படத்தின் நிற எண்களை மாற்றித் தோற்றத்தைக் காக்கும். அசைன், எண்களை அப்படியே விட்டுத் தோற்றத்தை மாற்றிவிடும். என் மயில்கழுத்துச் சேலைப் படங்கள் பாழானது அப்படித்தான்.

வேறு பெயரில் நகலாகச் சேமியுங்கள்; அப்போது புரொஃபைலைச் சேர்க்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். மூலக் கோப்பு அடோபி ஆர்ஜிபியிலேயே இருக்கட்டும். எஸ்ஆர்ஜிபியில் அடங்காத பச்சைகளும் நீலப்பச்சைகளும் அதில் இருக்கும்; அச்சுக்குக் கொடுக்கும்போது அவை தேவைப்படும்.