பென்சிலினுக்கு முந்தைய வார்டு: வேலூர் நர்சுகள் பற்றிக் கேள்வி பதில்

பல வருடம் நர்சிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நூறு வருடத்துக்கு முந்தைய சிற்றூர் ஆஸ்பத்திரி நர்சுகளைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்கு நன்றாகத் தெரிந்த வேலூரை வைத்தே பதில் சொல்கிறேன்.

கவிதா, ஆரணி: அக்கா, இன்றைக்குக் கடல் மாதிரி இருக்கிற வேலூர் ஆஸ்பத்திரி அப்போது எவ்வளவு பெரியது?

1900இல் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கியபோது இருந்தது ஒரே ஒரு கட்டில், அதுவும் அவருடைய அப்பாவின் பங்களாவில். 1902இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி வந்தது, 40 கட்டில். அமெரிக்காவில் ஒரு செல்வந்தர் இறந்துபோன மனைவியின் நினைவாகக் கொடுத்த பணம் அது. நர்சிங் பள்ளி 1909இல்தான், டீலியா ஹௌட்டன் என்ற நர்ஸின் பொறுப்பில். அதுவரை ஏழு வருடம், டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்தான் வேலையை ஓட்டினார்கள்.

முருகன், திருச்சி: ஆன்டிபயாடிக் இல்லை, டிரிப் அரிது. அப்படியென்றால் நர்ஸ் என்னதான் செய்வார்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. டைபாய்டையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் மூன்று வாரம், சில சமயம் நாலு வாரம் நிற்கும். அதைக் கொல்லும் மருந்து டாக்டர் கையில் கிடையாது. ஆள் பிழைத்துக் கிடந்தால் உடம்பு தானே போராடி மீளும். அதுவரை பிழைத்துக் கிடக்க வைப்பதுதான் நர்சின் வேலை.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துச் சார்ட்டில் புள்ளி போடவேண்டும். சூடு ஏறினால் உடம்பைப் பகுதி பகுதியாகத் திறந்து ஈரத்துணியால் துடைக்கவேண்டும். ஒரு கை, ஒரு கால், அப்புறம் முதுகு. வாய் காய்ந்து நாக்கில் பழுப்பாகப் படிந்திருப்பதை விரலில் துணி சுற்றி எடுக்கவேண்டும். பால், பார்லித் தண்ணீர், கஞ்சித் தெளிவு என்று ஸ்பூன் ஸ்பூனாக உள்ளே போகவேண்டும். புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பெலும்புக்கு மேல் தோல் சிவக்கும், அடுத்தது படுக்கைப்புண். மலத்தைக் கார்பாலிக் என்ற கிருமிநாசினி ஊற்றி வைத்திருந்துதான் அப்புறப்படுத்தவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டிலுக்கும் டைபாய்டு.

மூன்றாம் வாரம்தான் ஆபத்து. குடலில் இருக்கும் புண் ஓட்டையாகிவிடலாம். அன்றைக்கு நோயாளி திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொள்வார், நாடி ஓட்டமெடுக்கும், வயிறு பலகையாக இறுகும். ஸ்கேன் கிடையாது, இரவு டூட்டியில் டாக்டரும் பக்கத்தில் கிடையாது. லாந்தர் வெளிச்சத்தில் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிற பெண் ஒருத்திதான் இருக்கிறாள். இரண்டு மணிக்கு இருந்த வயிறும் நாலு மணிக்கு இருக்கிற வயிறும் ஒன்றில்லை என்று அவள் சொன்னால்தான் டாக்டர் வருவார். "நர்ஸ் என்றால் டாக்டருக்கு எடுபிடி" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஃபாத்திமா, ஆம்பூர்: நல்ல குடும்பத்துப் பெண்கள் நர்சாகப் போகவே மாட்டார்களாமே?

உண்மைதான் அம்மா. அடுத்தவர் மலம், ரத்தம், பிரசவத் தீட்டு, கண்ட சாதியையும் தொடுவது, ராத்திரி வீட்டுக்கு வெளியே தங்குவது. எல்லாமே அன்றைய வீடுகளுக்கு ஆகாதவை. அதனால் வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள், அப்புறம் விதவைகள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, கசப்பான வேடிக்கை. பெண்ணை நர்சாக அனுப்ப மாட்டோம் என்ற அதே வீடுகள், ஆண் டாக்டர் தொடவும் கூடாது என்றன. ஐடா இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அவரை அழைத்தார்கள். அவரோ டாக்டருக்குப் படிக்காதவர். "அப்பா டாக்டர்தான், அவர் வருவார்" என்றதற்கு மூவரும் மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் மருத்துவம் படிக்கக் கிளம்பியது அதனால்தான்.

செல்வம், மதுரை: ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் சென்னைக்கு வந்து பயிற்சி கொடுத்தாராமே?

இல்லை. இந்தியாவுக்கே அவர் வந்ததில்லை. இந்தியச் சுகாதாரம் பற்றி லண்டனிலிருந்து எழுதிக் குவித்தார், அவ்வளவுதான்.

ரேவதி, குடியாத்தம்: எங்கள் ஊருக்கு அந்தக் காலத்திலேயே கார் வந்ததாகப் பாட்டி சொல்வார். நிஜமா?

நிஜம்தான். ஐடா ஒரு பியூஜோ காரில் மருந்துப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, நர்சையும் கூட்டிக்கொண்டு வேலூர்–குடியாத்தம் சாலையில் வருவார். வழியில் குறிப்பிட்ட மரத்தடிகளில் நின்று வைத்தியம். புண்ணைக் கழுவிக் கட்டுவதும் கண்ணுக்கு மருந்து விடுவதும் நர்சின் பாடு. அந்தக் காலத்து மிக்ஸ்சர் (தண்ணீர் மருந்து) பாட்டிலில் ஒரு காகிதப்பட்டை ஒட்டியிருப்பார்கள், வேளைக்கு ஒரு வெட்டு வைத்து. எழுத்துத் தெரியாதவருக்கும் "இந்தப் பல் வரைக்கும் ஒரு வேளை" என்று காட்டிவிடலாம். இன்றைய மாத்திரை அட்டையைவிட அது தேவலை என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

அப்துல், நாகூர்: 1918 விஷக்காய்ச்சலில் நர்சுகள் என்ன செய்தார்கள்?

மேலே டைபாய்டுக்குச் சொன்னதைத்தான். அந்த ஃப்ளூவில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள். பார்த்துக்கொள்ள வந்தவர்களே படுத்ததுதான் கொடுமை. வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியதும் அதே வருடம்தான்.

தீபா, நர்சிங் இரண்டாம் வருடம்: மேடம், அப்போது ஊசி எப்படிப் போட்டார்கள்? டிஸ்போசபிள் கிடையாதே?

கண்ணாடி சிரிஞ்சு, எஃகு ஊசி. கொதிக்க வைத்துப் போட்டு, கழுவி, மறுபடி கொதிக்க வைத்து. அறுபதுகளின் கடைசியில் நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோதும் அதே கதைதான், அதனால் இதைக் கையால் செய்து தெரியும். ஊசி மழுங்கும். சாணைக்கல்லில் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, முனையின் சாய்வு மாறாமல் தேய்க்கவேண்டும். தேய்த்தபின் பஞ்சில் இழுத்துப் பார்க்கவேண்டும். ஓர் இழை சிக்கினாலும் முனை வளைந்திருக்கிறது என்று அர்த்தம், திரும்பக் கல்லுக்கு. நான் ஒருநாள் சோம்பலில் பஞ்சில் பார்க்காமல் எடுத்துப்போனேன். அந்தப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் டிரேயோடு வந்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.