வாசகர் கேள்வி: கறுத்தக்கொழும்பானின் கொட்டையடிச் சதை ஏன் குழைகிறது?

கேள்வி: எங்கள் வளவில் நிற்கும் 4 கறுத்தக்கொழும்பான் மாமரங்களுக்கு இம்முறை பூத்ததிலிருந்து மூன்று தடவை 20-20-20 இலைப்பசளை (நைதரசன், பொசுபேற்று, பொற்றாசியம் மூன்றும் சம அளவில் உள்ளது) தெளித்தோம். காய்கள் பெருத்து நல்ல நிறமாக இருந்தன. வைக்கோலில் அடுக்கிப் பழுக்கவைத்தபோது வெளியே குறை எதுவும் தெரியவில்லை. வெட்டினால் கொட்டையைச் சுற்றிய சதை மட்டும் கூழாகி, பழுப்பேறியிருந்தது. கல்சியம் குறைவு என்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் செம்மண்ணில் கல்சியம் எப்படிக் குறையும்?
– உரும்பிராய் வாசகர்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. வலிகாமத்துச் செம்மண்ணில் கல்சியம் தாராளமாகவே உண்டு. ஆனால் அது மண்ணில் இருப்பதும் பழச்சதையைச் சென்றடைவதும் ஒன்றல்ல. வேர் உறிஞ்சும் கல்சியம் காழ் என்னும் நீரேற்றும் குழாய்கள் வழியாக நீரோடு சேர்ந்தே ஏறுகிறது; நீரை அதிகம் ஆவியாக்கும் இலைகளே அதில் பெரும்பங்கைப் பெற்றுக்கொள்கின்றன. இலைக்குள் போன கல்சியம், இலை செய்த உணவைக் கொண்டுசெல்லும் குழாய்களான உரியம் வழியாகத் திரும்பிப் பழத்துக்கு வருவதில்லை என்றே சொல்லலாம். காய் சிறிதாக இருக்கும் முதற் சில வாரங்களில் கிடைத்ததை வைத்துக்கொண்டே அது பெருக்கிறது. பெருக்கப் பெருக்க அந்தக் கல்சியம் ஐதாகிறது. கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்ரினை இறுக்கிப் பிடிப்பது கல்சியம்தான். அந்தப் பிடி தளர்ந்த சதைதான் நீங்கள் வெட்டியபோது கூழாகத் தெரிந்தது.

அப்பிள் செய்கையாளர் இதை நீண்ட காலமாக அறிவார்கள். பறிக்கும்போது குற்றமற்றிருந்த அப்பிளில், குளிர்க்களஞ்சியத்தில் சில வாரங்கள் சென்றபின் தோலுக்கடியில் கபில நிறக் குழிகள் தோன்றும். இங்கிலாந்தின் கொக்ஸ் இன அப்பிளை நெடுநாள் சேமிப்பதற்கு, 100 கிராம் சதையில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் கல்சியமாவது வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அவ்வளவு சிறிய அளவு குறைந்தாலே களஞ்சியத்தில் இழப்பு. அதனால்தான் அங்கே காய்ப்பருவம் முழுவதும் கல்சியம் குளோரைட்டுக் கரைசலைக் காயின் மேலேயே பலமுறை தெளிக்கிறார்கள்.

ஆயினும், உங்கள் மரங்களைப் பொறுத்தவரை நான் முதலில் சந்தேகிப்பது கல்சியத்தை அல்ல, நைதரசனை. புளோரிடாவில் மாம்பழத்தின் நுனிச்சதை குழையும் நோயை ஆராய்ந்தபோது, அமில மணல் நிலத்தில் நைதரசன் கூடக்கூட நோயும் கூடியது. சுண்ணக்கல் நிலத்திலோ அது குறைவாகவே இருந்தது. உங்கள் மண் உங்களுக்குச் சாதகமானது என்பதை இது காட்டுகிறது. அந்தச் சாதகத்தைக் கெடுத்தது, காய் பெருக்கும் நேரத்தில் மூன்று முறை கொடுத்த பசளை என்றே எண்ணுகிறேன். நைதரசன் மிகுந்தால் தளிர் கொழுத்துக் கல்சியத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். காயும் அளவுக்கு மிஞ்சிப் பெருக்கும். அதே பசளையிலுள்ள பொற்றாசியமும் மிகையானால் கல்சியத்தோடு போட்டியிடும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றின் நீரில் ஏற்கெனவே நைத்திரேற்று ஏறியிருக்கிறது. இறைக்கும்போதே மரத்துக்கு நைதரசன் போகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எனவே, அடுத்த போகத்தில் பூத்தபின் 20-20-20 வேண்டாம். காய் தேசிக்காய் அளவுக்கு வந்ததும், 16 லீற்றர் தெளிகருவிக்கு 80 கிராம் கல்சியம் குளோரைட்டு என்ற அளவில் கரைத்து, மாலை வெயில் தாழ்ந்தபின், காய்கள் நன்கு நனையும்படி தெளியுங்கள். இலையை நனைத்துப் பயனில்லை. முதலில் ஒரு கொப்பில் மட்டும் தெளித்து, இலை விளிம்பு கருகுகிறதா என்று மூன்று நாள் பாருங்கள். மூன்று வார இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை போதும். ஒரு மரத்தைத் தெளிக்காமல் விட்டு, அதன் பழங்களை வேறு கடகத்தில் பழுக்கவைத்தால் பலன் உண்டா என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

பறிக்கும் நாளும் முக்கியம். மரத்திலேயே பழுக்கத் தொடங்கிய காயில்தான் கொட்டையடிக் குழைவு மிகுதி. தோள் புடைத்து, முற்றிய பச்சையாக இருக்கும்போதே கொக்கத்தடியில் வலைப்பை கட்டி, காம்போடு இறக்குங்கள்.

கேள்வி: கல்சியத்தையும் மற்றப் பசளையையும் ஒரே தொட்டியில் கலந்தால் வேலை மிச்சமாகுமே?
– நீர்வேலி வாசகர்

பதில்: வேலை மிச்சமாகும், மருந்து வீணாகும். கல்சியம், பொசுபேற்றோடும் சல்பேற்றோடும் சேர்ந்தால் வெண்படிவாக அடியில் இறங்கிவிடும். தெளிகருவியின் முனை அடைபடுவதோடு, கரையாத படிவைக் காயின் தோல் உறிஞ்சவும் மாட்டாது. எங்கள் கிணற்றுநீர் தானே கல்சியம் நிறைந்த வன்னீர் என்பதால், பொசுபேற்றுப் பசளையைத் தனியே கரைத்தாலும் சிலவேளை கலங்கும். ஒரு கண்ணாடிப் போத்தலில் அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் மாவுபோல் படிந்தால் அந்தக் கலவையைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் பசளை கரைக்க அதையே எடுங்கள்.