பங்குனி வந்தும் குண்டுமல்லி பூக்கவில்லையே?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் எங்கள் ஊர். கொல்லையில் நாலு வருடத்துக் குண்டுமல்லிச் செடி ஒன்று நிற்கிறது. பக்கத்து வீட்டுச் செடி மாசிக் கடைசியிலேயே பூக்கத் தொடங்கிவிட்டது. எங்களுடையது ஆள் உயரத்துக்குப் புதராக வளர்ந்தும் ஒரு கைப்பிடிப் பூகூடத் தேறவில்லை. வருகிற மொட்டும் ஊதாவாகி உதிர்கிறது. 15 நாளைக்கு ஒரு கைப்பிடி யூரியா வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். மனசு வராமல் இதுவரை வெட்டியதே இல்லை. இப்போது வெட்டலாமா?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் செடி நன்றாகத்தான் இருக்கிறது. குண்டுமல்லி புதிதாகத் துளிர்க்கும் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நாலு வருடமாக வெட்டாததால் பழைய கிளைகளே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அதன் மேல் யூரியாவும் சேர்ந்ததால் செடி இலையும் கொடியுமாகவே ஓடுகிறது.

முதலில் யூரியாவை நிறுத்துங்கள். ஒரு செடிக்கு ஒரு வருடத்துக்கே 130 கிராம் யூரியா போதும், அதையும் இரண்டு தவணையாகத்தான் வைக்க வேண்டும். உங்கள் கையால் மூன்று பிடி அள்ளினாலே அந்த அளவு வந்துவிடும். பூவுக்கு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும்தான் (பொட்டாசியம்) கூடுதலாக வேண்டும். வருடத்துக்கு சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம், மக்கிய தொழுவுரம் 10 கிலோ. ரசாயன உரங்களைப் பாதி கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) முடிந்ததும், மீதி ஆனி, ஆடியிலும் வையுங்கள். தொழுவுரத்தைக் கவாத்தின்போதே மொத்தமாகப் போட்டுவிடலாம்.

தினமும் தண்ணீர் வேண்டாம். உங்கள் பக்கம் களிமண் என்றால் வேர் மூச்சுவிட முடியாமல் போகும். மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பிறகு, நன்றாக நனைய ஊற்றுங்கள்.

சரி, வெட்டுவதற்கு வருவோம். முழுக் கவாத்துக்கு இது நேரம் இல்லை. அதை நவம்பர் கடைசியில், அதாவது கார்த்திகையில் செய்ய வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை எல்லாம் வெட்டிவிட்டு, மிஞ்சும் இலைகளையும் உருவிவிடுங்கள். பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பங்குனி, சித்திரைப் பூ எல்லாம் அப்படி வெட்டிய செடியின் புதுத் துளிரில் வருவதுதான். பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள், கார்த்திகை, மார்கழியில் வெட்டியிருப்பார்கள். (முல்லை வைத்திருந்தால் அதற்கு ஜனவரிக் கடைசி, அதாவது தை மாதம்.)

இந்தப் பருவத்தையும் அடியோடு விட வேண்டியதில்லை. காய்ந்த குச்சி, உள்ளே பின்னிக் கிடக்கும் மெலிந்த கிளை, பூக்காமல் நீளமாக ஓடும் கொடி, மூன்றையும் எடுத்துவிடுங்கள். மற்ற கிளைகளில் நுனியை மட்டும் ஒரு சாண் அளவுக்குக் கிள்ளிவிட்டால் போதும். பக்கத்துளிர் கிளம்பி, சித்திரைக் கடைசி, வைகாசி வாக்கில் மொட்டு பார்க்கலாம். செடிக்கு நிழல் விழுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அரை நாளாவது நேர் வெயில் கிடைக்காவிட்டால் இத்தனை செய்தும் பூ குறைவாகத்தான் இருக்கும். மேலே முருங்கையோ கொய்யாவோ கவிந்திருந்தால் அந்தப் பக்கக் கிளையைக் கழித்துவிடுங்கள்.

மொட்டு ஊதாவாவது பூச்சியால். ஒரு மொட்டைப் பிரித்துப் பாருங்கள். ஓட்டை விழுந்து, உள்ளே கருந்தலையுடன் பச்சைப் புழு இருந்தால் அது மொட்டுப்புழு. ஓட்டை இல்லாமல் மொட்டின் அடி மட்டும் வீங்கியிருந்தால் மலர் ஈ. இரண்டுக்குமே முதல் வேலை, நிறம் மாறிய மொட்டுகளையும் கீழே உதிர்ந்தவற்றையும் தினமும் பொறுக்கி எரித்துவிடுவது. குப்பையில் போட்டால் திரும்பவும் செடிக்கே வந்து சேரும். மலர் ஈ மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருப்பதால், செடியைச் சுற்றி மேலாகக் கொத்திவிட்டு வெயில் படச் செய்யுங்கள்.

தலையில் வைக்கிற பூவுக்குக் கடை விஷம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்துகொள்ளுங்கள். காலையில் பூப் பறித்த பிறகு, அன்று வெயில் தாழ்ந்ததும் மொட்டுகள் நனையத் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை செய்தும் மொட்டு உதிர்ந்தால், உள்ளே என்ன இருந்தது என்று பார்த்து எழுதுங்கள்.