நொதியால் நஞ்சை முறிக்க முடியுமா? வாசகர் கேள்விகளுக்கு ஒரு நுண்ணுயிரியலாளரின் பதில்கள்

ஐயா, பாக்டீரியாவைத் தூவுவதற்கும் நொதியைத் தூவுவதற்கும் என்ன வேறுபாடு? (தஞ்சாவூர்)

பாக்டீரியா உயிர். அதற்குத் தீனி வேண்டும், சூடு ஒத்துக்கொள்ள வேண்டும், ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களோடு போட்டியிட்டுப் பிழைக்க வேண்டும். நொதி அந்த உயிர் உண்டாக்கும் புரதம். அது பெருகாது, வேலையைச் செய்யும், பிறகு சிதைந்துபோகும்.

சிறந்த உதாரணம் நெல்வயலிலிருந்தே கிடைத்தது. டயசினான் என்ற பூச்சிமருந்து தெளித்த பிலிப்பைன்ஸ் வயலிலிருந்து அந்த மருந்தையே சிதைக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, சேதுநாதன், யோஷிடா என்ற ஆய்வாளர்கள் 1973இல் அறிவித்தார்கள். இன்னொரு பூச்சிமருந்தான பாரத்தியானையும் அது விட்டுவைக்கவில்லை. இதைச் செய்வது அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் நொதி. இவ்வகை நொதியின் மையத்தில் இரண்டு துத்தநாக அயனிகள் இருக்கின்றன. அவை நீரைக் கொண்டு பாஸ்பரஸ் பிணைப்பை அறுக்கின்றன. பாரத்தியான் உடலுக்குள் பாரக்சான் என்ற கொடிய வடிவத்துக்கு மாறும். அதை ஒரே ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு 2,000 தடவைக்கு மேல் வெட்டித் தள்ளும். குடுவையில் கண்ணெதிரே பார்க்கலாம்: நிறமற்ற கரைசலில் நொதியை விட்டதும் மஞ்சள் படரும். அறுபட்டு வெளியேறும் நைட்ரோபீனாலின் நிறம் அது. அதுவும் நஞ்சுதான், ஆனால் பாரக்சானைவிட மிகவும் குறைவு, அதைத் தின்னும் பாக்டீரியாக்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதன் உறவு நொதி ஒன்றைப் பருத்தி வயலின் வடிகால் நீரில் கலந்து சோதித்திருக்கிறார்கள்.

மருந்தடித்த நீர் கிணற்றில் இறங்கிவிட்டது. எந்த நொதிப் பொடி வாங்கலாம்? (நாமக்கல்)

எந்த மருந்து என்று எழுதவில்லையே? டப்பாவில் வேதிப்பெயர் இருக்கும். டயசினான், பாரத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துக்கு உதவும் நொதி, பைரித்ராய்டு என்ற வேறு வகைப் பூச்சிமருந்துக்கு உதவாது. அந்த நீரைக் குடிக்காதீர்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள். வேளாண் அலுவலரிடம் சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

ராணிப்பேட்டையில் மூடிய ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவுக் குவியலை நொதியால் அழிக்க முடியுமா?

அழிக்க முடியாது. குரோமியம் ஒரு தனிமம். நீரில் கரைந்து பரவும் ஆறு இணைதிறன் வடிவத்தை, எளிதில் கரையாத மூன்று இணைதிறன் வடிவமாக மாற்ற நுண்ணுயிர் நொதிகளால் முடியும். அதற்கு எலக்ட்ரான் கொடுக்க ஆள் வேண்டும் என்பதால், தனி நொதியைவிட வெல்லப்பாகு ஊட்டிய உயிருள்ள பாக்டீரியாவே ஏற்றது. ஆனால் அங்கே கிடப்பது லட்சம் டன்னுக்கும் மேல். மழைநீர் இறங்காமல் தடுப்பதுதான் முதல் வேலை.

எங்கள் சாயப்பட்டறைத் தொட்டியில் பாக்டீரியா கலவை ஊற்றினோம். மறுநாளே நீர் தெளிந்துவிட்டது. வெளியே விடலாமா? (திருப்பூர்)

கூடாது. அசோ சாயத்தின் நிறம் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பைச் சார்ந்தது. அதை நொதி அறுத்ததும் நிறம் போய்விடும், அரோமாட்டிக் அமீன்கள் என்ற சாயத் துண்டுகள் மிஞ்சும். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. நிறம் போனால் நஞ்சு போனதாகாது.

வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். ஆற்றில் சாயம் ஓடுவதைவிடத் தெளிந்த நீர் மேல் அல்லவா? (ஈரோடு)

மேல் இல்லை. சிவந்த நீரைப் பார்த்தால் மனிதன் விலகுவான். தெளிந்த நீரை மாடு குடிக்கும், குழந்தை இறங்கி விளையாடும். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்குக் கட்டிய ஓரத்துப்பாளையம் அணையின் நீரை, சாயக்கழிவு சேர்ந்ததால் விவசாயிகளே வேண்டாமென்று சொன்ன ஊர்ப்பக்கத்திலிருந்தா இதைக் கேட்கிறீர்கள்? 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நிறத்துக்காக மட்டுமல்ல.

அப்படியானால் நொதியே வேண்டாம் என்கிறீர்களா? (மீண்டும் ஈரோடு)

அப்படிச் சொல்லவில்லை. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் நிறத்தை உடைத்து, அடுத்து காற்றோட்டமுள்ள தொட்டியில் அமீன்களைச் சிதைக்க வேண்டும். பலர் முதல் தொட்டியோடு நின்றுவிடுகிறார்கள். சாயமேற்றப் போட்ட உப்போ எந்த நொதிக்கும் மசியாது. அதற்குச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும்தான்.

நல்ல நொதிப் பொடி ஒன்று சொல்லுங்கள். (மதுரை, சேலம், கரூர்)

நாமக்கல்காரருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். எந்த வேதிப்பொருள், எதுவாக மாறும் என்று எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.

மருந்தடிக்கும்போது என் தம்பிக்கு மயக்கம் வருகிறது, எச்சில் வடிகிறது. இந்த நொதியைக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. இது மண்ணுக்கும் நீருக்குமான நொதி. அவருடைய உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருந்து டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்ய முடியும். இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.