எண்ணெய்க்கு மட்டும் ஏன் விலக்கு? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உக்ரைன்மீது படையெடுத்த ரஷ்யாவின் வங்கிகளை முடக்கிய அமெரிக்கா, எண்ணெய் வாங்குவோர் அதே வங்கிகள் வழியாகப் பணம் செலுத்த அனுமதித்ததாகப் படித்தேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது இதுதானா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: நீங்கள் படித்தது உண்மை. படையெடுப்பு தொடங்கிய 2022 பிப்ரவரி 24 அன்றே, வங்கித் தடைகளோடு சேர்த்து 'பொது உரிமம் 8' என்ற விலக்கையும் அமெரிக்க நிதித் துறை வெளியிட்டது. எரிபொருள் தொடர்பான பணப் பரிமாற்றத்துக்கு மட்டும் அது வழிவிட்டது. பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 மார்ச் 12 அன்றுதான் அது காலாவதியானது.

காரணம் எளிய கணக்கு. 100 பீப்பாயை 60 டாலர் வீதம் விற்பவருக்கு 6,000 டாலர் கிடைக்கும். தடையால் அவர் 50 பீப்பாய் மட்டுமே விற்க நேர்ந்து, அந்தத் தட்டுப்பாட்டால் விலை 130 டாலராக ஏறினால் அவருக்கு 6,500 டாலர் கிடைக்கும்; கூடுதல் விலையை உலகம் முழுவதும் சுமக்கும். 2022 மார்ச் 7 அன்று, உலகச் சந்தை விலைக்கு அளவுகோலான பிரென்ட் கச்சா எண்ணெய் 139 டாலரைத் தொட்டபோது, இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பது தெரிந்தது. ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் பெட்ரோலின் சராசரி விலை ஒரு கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. நவம்பரில் அங்கே, அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவே வரும் நாடாளுமன்றத் தேர்தல் காத்திருந்தது. பல ஆண்டுகளாகத் தடைக்கு உள்ளாகியிருந்த வெனிசுலாவிலிருந்து எண்ணெய் கொண்டுவரச் செவ்ரான் நிறுவனத்துக்கு அந்த நவம்பரிலேயே அனுமதி தரப்பட்டது என்றால், அச்சம் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே விலக்கு அளித்ததை நான் குறை சொல்லமாட்டேன். பகைவரின் எண்ணெய் சந்தைக்கு வரவேண்டும், பணம் மட்டும் குறைவாகப் போகவேண்டும் என்ற யோசனை தாமதமாக வந்ததே குறை. ரஷ்ய எண்ணெயை ஒரு பீப்பாய் 60 டாலருக்கு மேல் விற்றால் மேற்கத்திய நாடுகளின் கப்பல், காப்பீட்டுச் சேவைகள் கிடைக்காது என்ற விலை உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2022 டிசம்பர் 5 அன்று. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களும் உச்ச விலையின் ஆதாயம் மாஸ்கோவுக்கே சென்றது; அந்த ஆண்டு ரஷ்யாவின் நடப்புக் கணக்கு உபரி (ஏற்றுமதி போன்றவற்றால் வந்த பணம், இறக்குமதி போன்றவற்றுக்குப் போன பணத்தைவிட அதிகமான தொகை) 220 பில்லியன் டாலருக்கும் மேல்.

கேள்வி: 60 டாலருக்கு மேல் விற்கக்கூடாது என்று 2022-இல் வரம்பு வைத்தார்களே, நடுக்கடலில் அதை யார் கண்காணித்தார்கள்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கடற்படை அல்ல, காப்பீட்டு அலுவலகம். எண்ணெய்க் கப்பல் மோதினாலோ கசிந்தாலோ ஏற்படும் இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்க, கப்பல் உரிமையாளர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட பரஸ்பரக் காப்பீட்டு மன்றங்கள் இருக்கின்றன. லண்டனை மையமாகக் கொண்ட அவற்றின் கூட்டமைப்புதான் உலகக் கடல் வாணிபக் கப்பல்களில் கொள்ளளவின்படி ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குக் காப்பீடு தருகிறது. சரக்கு 60 டாலருக்குள் வாங்கப்பட்டது என்ற உறுதிமொழிக் கடிதம் இருந்தால்தான் காப்பீடு என்பதே 2022-இல் வந்த விதி. கடிதம் என்பதால் அதில் பொய் எழுதவும் முடியும். காப்பீடே வேண்டாம் என்று ஒதுங்கவும் முடியும். ரஷ்யா பழைய கப்பல்களை வாங்கிச் சேர்த்தது. கொடியை மாற்றியும், இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்தும், கிரீஸின் லக்கோனியா வளைகுடா போன்ற இடங்களில் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குச் சரக்கை மாற்றியும் ஒரு நிழல் அணியே உருவாயிற்று. முதல் ஆறு மாதங்கள், ரஷ்யாவின் முக்கிய ஏற்றுமதி வகையான யூரல்ஸ் எண்ணெய் பெரும்பாலும் வரம்புக்குக் கீழேதான் விற்றது. 2023 ஜூலையில் 60 டாலரைத் தாண்டிவிட்டது.

போருக்கு முன் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயில் 2 விழுக்காடுகூட ரஷ்யாவிடமிருந்து வரவில்லை. பின்னர் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. வரம்பு விலையில் யாராவது வாங்கவேண்டும் என்று நாங்களே விரும்பினோம் என்ற பொருளில், அப்போது தில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த எரிக் கார்செட்டி 2024-இல் வெளிப்படையாகப் பேசினார். அதே கொள்முதலுக்காக 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீது கூடுதலாக 25 விழுக்காடு வரி விதித்ததும் அமெரிக்காதான்.

கேள்வி: 2022-இல் கொழும்புக்கு வந்த ரஷ்ய எண்ணெய்க் கப்பல் தடையை மீறித்தான் வந்ததா? (வாசகி, வவுனியா)

பதில்: இல்லை, இலங்கை அதை வாங்குவதற்குத் தடை எதுவும் இருக்கவில்லை. சுமார் 90,000 தொன் சைபீரிய எண்ணெயுடன் வந்த அக்கப்பல், துறைமுகத்துக்கு வெளியே ஒரு மாதத்துக்கும் மேலாக நங்கூரமிட்டு நின்றதற்குக் காரணம், கொடுப்பதற்கு அரசிடம் டொலர் இல்லாததுதான். கச்சா எண்ணெய் இல்லாமல் மார்ச் மாதத்திலேயே மூடப்பட்டிருந்த சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை, மே மாத இறுதியில் அச்சரக்கு இறங்கிய பிறகே இயங்கும் நிலைக்கு வந்தது. ஆனால், அந்த ஆலைக்குத் தடை என்பது புதிய சொல் அல்ல. அது ஈரானின் இலகு எண்ணெய்க்கு ஏற்ப அமைக்கப்பட்ட ஆலை. 2012-இல் அமெரிக்கா ஈரான்மீதான எண்ணெய்த் தடையை இறுக்கியபோது, வழக்கமான சரக்குக் கிடைக்காமல் வேறு நாடுகளின் எண்ணெயைத் தேடி அலைய நேர்ந்தது.